ரோமானிய நீர்வாய்க்கால்: ஓர் எளிய விளக்கம்

பழைய ரோமைப் பற்றிப் பேச்சு வந்தாலே அந்தப் படமும் வந்துவிடும். அடுக்கடுக்கான கல் வளைவுகள், மேலே நீல வானம். கூடவே ஒரு வரி: "மோட்டாரே இல்லாத காலத்தில் தண்ணீரை மேலே ஏற்றிய ரோமானியர்கள்." இன்னொரு நாள் வேறொரு பகிர்வு வரும்: "ஈயக் குழாய்த் தண்ணீரைக் குடித்தே ரோமப் பேரரசு அழிந்தது." இரண்டும் தவறு. அவர்கள் உண்மையில் செய்த வேலை இந்த வரிகளைவிடப் பல மடங்கு பெரியது. அது சரியாகச் சொல்லப்படுவதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது தெரிந்தால் போதும்.

## முதலில், அது ஒரு வாய்க்கால்

அக்வடக்ட் என்று புத்தகங்களில் வருவது, தொலைவில் உள்ள ஊற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூடிய வாய்க்கால். படத்தில் நாம் பார்க்கும் வளைவுகள் அந்த வாய்க்காலின் ஒரு சிறு பகுதியைத் தாங்கும் பாலம், அவ்வளவுதான். வாய்க்காலின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கிறது. கண்ணில் படாததால் யாரும் அதைப் படம் எடுப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ரோம் நகரத்தின் முதல் வாய்க்கால் 'ஆக்வா ஆப்பியா'. கி.மு. 312ல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி கட்டியது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அதில் தரைக்கு மேலே தெரிந்தது வெறும் 90 மீட்டர் அளவுதான். கி.மு. 144ல் தொடங்கிய 'ஆக்வா மார்சியா' 91 கிலோமீட்டர் நீளம். அதிலும் 80 கிலோமீட்டர் நிலத்தடியில்தான் ஓடியது.

ஏன் மண்ணுக்குள்? வெயில் படாது, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. எதிரி எளிதில் கண்டுபிடித்து உடைக்க முடியாது. ஆப்பியா கட்டிய காலத்தில் ரோம் பக்கத்து சாம்னைட் மக்களோடு போரில் இருந்தது, அதனால் அந்தக் கவலை நியாயமானது. எல்லாவற்றையும்விட, பள்ளம் தோண்டி மூடுவது மலிவு. கல் வளைவு கட்டுவது பணத்தைத் தின்னும் வேலை. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் வளைவைக் கட்டினார்கள்.

அந்த வேறு வழியில்லாத இடம் எது என்றால், ரோமுக்குச் சற்று முன்னால் உள்ள சமவெளி. தண்ணீர் புறப்படுவது மலையில். போய்ச் சேர வேண்டியதோ நகரத்தில் இருக்கும் குன்றுகளுக்கு. நடுவில் நிலம் தாழ்ந்துவிடுகிறது. வாய்க்காலும் நிலத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டால் குன்றுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறாது. ஆகவே நிலம் இறங்கும்போது வாய்க்காலை மட்டும் உயரத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் தூண்களும் வளைவுகளும்.

## எல்லாமே சரிவில் இருக்கிறது

தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்தது புவியீர்ப்பு. பம்ப் கிடையாது, தள்ளுவதற்கு ஆளும் கிடையாது. வாய்க்காலின் அடித்தளம் புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். இந்தத் தாழ்வின் அளவைத்தான் சரிவு என்கிறோம்.

சரிவு அதிகமானால் தண்ணீர் வேகமெடுத்து வாய்க்காலின் பூச்சை அரித்துவிடும். குறைந்தால் தேங்கும், வண்டல் படியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவைப் பிடித்து, மலை, பள்ளத்தாக்கு, பாறை எது குறுக்கே வந்தாலும் அதை விடாமல் கொண்டுபோக வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

தெற்கு பிரான்ஸில் உள்ள நீம் நகரம் இதற்கு நல்ல உதாரணம். கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஊற்று இருந்த உஸெஸ் பகுதி நேர்க்கோட்டில் பார்த்தால் 20 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் நடுவில் குன்றுகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததில் வாய்க்காலின் நீளம் 50 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஊற்றுக்கும் நகரத்துக்கும் இருந்த உயர வித்தியாசம் 20 மீட்டர்கூட இல்லை. அதாவது ஒரு கிலோமீட்டர் ஓடினால் சராசரியாக ஒரு முழம்கூட இறங்கவில்லை. உலகமே வியந்து பார்க்கும் போன்டியு கார் பாலம் இந்த வாய்க்காலை கார்டன் ஆற்றுக்கு மேலே தாங்கியது. மூன்று அடுக்கு, 49 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஒரு கரையிலிருந்து மறு கரை போய்ச் சேருவதற்குள் வாய்க்கால் தாழ்வது சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்தப் பாலத்தின் உயரத்தைவிட இந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் என்னை மலைக்க வைக்கிறது.

இதை எதை வைத்து அளந்தார்கள்? கோரோபேட்ஸ் என்று ஒரு கருவி இருந்தது. 20 அடி நீளப் பலகை, இரண்டு முனையிலும் கால்கள், பக்கவாட்டில் தொங்கும் தூக்குக்குண்டுகள். காற்றில் குண்டு ஆடினால் பலகையின் மேலே வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்கள். இதைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து, அங்குலம் அங்குலமாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

வாய்க்காலின் உட்புறத்துக்கு சுண்ணாம்பில் உடைத்த ஓட்டுத் துண்டும் செங்கல் தூளும் கலந்து பூசினார்கள். நம்மூர் பழைய கட்டடங்களில் சுர்க்கி என்று சொல்வோமே, அந்த வகைக் கலவைதான். தண்ணீர் கசியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அது மூடிய வாய்க்கால், பெரும்பாலும் நிலத்தடியில் ஓடுவது. அதை இயக்குவது மிக மெல்லிய, இடைவிடாத சரிவு. வளைவுகள் அந்தச் சரிவைக் காப்பாற்றக் கட்டிய பாலங்கள்.

## ஒரு மலையும் இரண்டு வலப்பக்கங்களும்

அளவு தவறினால் என்ன ஆகும் என்று ஒரு கல்வெட்டே சொல்கிறது. இன்றைய அல்ஜீரியாவில் பெஜாயா என்ற கடற்கரை ஊர், ரோமானியர் காலத்தில் சால்டே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்கு வாய்க்கால் வெட்டும்போது குறுக்கே ஒரு மலை. நோனியஸ் டேட்டஸ் என்பவர் ராணுவத்தில் மட்டம் பார்க்கும் பொறியாளர். அவர் மலையின் மேலே நேர்க்கோட்டில் முளைகள் அடித்து, சுரங்கம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரண்டு குழுக்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து குடையத் தொடங்கின. நடுவில் சந்திக்க வேண்டும்.

சந்திக்கவில்லை. குடைந்த நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் மலையின் அகலத்தைவிட அதிகமாக இருந்தது! டேட்டஸைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். வரும் வழியில் கொள்ளையர்கள் தாக்கி, உடுத்திய துணியைக்கூட விடாமல் பறித்துக்கொண்டார்கள். காயத்தோடு தப்பி வந்து சேர்ந்தார். அவரை மலைக்கு அழைத்துப்போனபோது, சுரங்கத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று அங்கிருந்தவர்கள் அழாத குறையாக இருந்தார்களாம். அவர் அளந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு குழு தனக்கு வலப்பக்கமாக, தெற்கே விலகியிருந்தது. எதிரில் வந்த குழுவும் தனக்கு வலப்பக்கமாகவே விலகியிருந்தது. எதிரெதிராக நிற்பவர்களின் வலப்பக்கம் ஒன்றாக இருக்காதே. அதனால் அது வடக்கே போய்விட்டது. இரண்டு குழுவும் மலைக்குள்ளேயே ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன.

டேட்டஸ் வேலையைப் பகிர்ந்து கொடுத்தார். கடற்படை வீரர்களையும் துணைப்படை வீரர்களையும் போட்டிபோட்டுக் குடையவிட்டு இரண்டு பாதைகளையும் இணைத்தார். 428 மீட்டர் சுரங்கம் முடிந்தது, தண்ணீர் ஓடியது. இந்தக் கதை முழுவதையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே கல்லில் பொறுமை, திறமை, நம்பிக்கை என்று மூன்று சொற்களும் இருக்கின்றன. அந்த மனிதருக்கு மூன்றும் தேவைப்பட்டிருக்கிறது.

## அப்படியானால் தண்ணீர் மேலே ஏறவே இல்லையா?

ஓரிடத்தில் ஏறியது. இதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பள்ளத்தாக்கு மிக ஆழமாக இருந்தால் பாலம் கட்டுவது ஆபத்து. அப்போது தண்ணீரை ஈயக் குழாய்களுக்குள் விட்டு, பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் இறக்கி, எதிர்ச் சரிவில் ஏற்றினார்கள். இதற்குத் தலைகீழ் சைஃபன் என்று பெயர்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனைகளையும் இரண்டு சுவர்களில் பிடிப்பார்கள். நடுவில் டியூப் தரையில் கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். இப்போது ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் அந்த முனை வழியாகத் தண்ணீர் வழியும். தலைகீழ் சைஃபன் இதுவேதான். வெளியேறும் முனை, நுழையும் முனையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நடுவில் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் தண்ணீர் எழுந்து வந்துவிடும். புறப்பட்ட உயரத்தைத் தாண்டி ஒரு விரல்கூட ஏறாது.

பிரான்ஸின் லியோன் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஜியே வாய்க்காலில் இப்படி நான்கு சைஃபன்கள் இருந்தன. அதில் போனான் பள்ளத்தாக்கில் குழாய்கள் 120 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கி ஏறின. அடியில் அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கும். அதனால் ஒரே பெரிய குழாயாக இல்லாமல் பல சிறு குழாய்களைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். டன் கணக்கில் ஈயம் வேண்டும், அதனால் செலவும் அதிகம்.

ஆக, தண்ணீர் ஏறியதெல்லாம் ஏற்கனவே இறங்கியதற்கு ஈடாகத்தான்.

## ஊருக்குள் வந்த பிறகு

வழியிலும் ஊர் எல்லையிலும் வண்டல் தொட்டிகள் இருந்தன. தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணையும் மணலையும் அடியில் படியவிட்டு, தெளிந்ததை மேலே எடுத்துக்கொள்வதற்கு. அப்புறம் தண்ணீர் போய்ச் சேருவது பகிர்வுத் தொட்டிக்கு. ஊரின் உயரமான இடத்தில் கட்டிய இந்தத் தொட்டியிலிருந்துதான் நாலாபக்கமும் குழாய்கள் பிரியும். நீம் நகரத்தில் இந்தத் தொட்டி இன்றும் இருக்கிறது. வட்டமான தொட்டி, சுவரில் வரிசையாகப் பத்துத் துளைகள்.

வீட்டுக்கு வீடு குழாய் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். செல்வந்தர்களும் பேரரசரின் தயவு பெற்றவர்களும்தான் வீட்டுக்கு இணைப்பு வாங்க முடிந்தது. அந்த உரிமையும் ஆளோடு போய்விடும். பிள்ளைக்கோ வீட்டை வாங்கியவருக்கோ சேராது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாருக்கும் தெருமுனைத் தொட்டிதான். பொம்பெய் நகரில் இப்படிச் சுமார் 40 தெருத்தொட்டிகள் கிடைத்திருக்கின்றன. நான்கு கற்பலகைகளைச் சேர்த்த தொட்டி, நடுவே ஒரு முகம் செதுக்கிய கல், அதன் வாயிலிருந்து தண்ணீர். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தொட்டியின் விளிம்பு குழிந்து வழவழப்பாக இருக்கிறது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒரு கையை அங்கே ஊன்றிக் குனிந்து குனிந்து தேய்ந்த தேய்வு.

இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வாய்க்காலில் வருவதை நிறுத்தி வைக்க முடியாது, ஆகவே ஊரிலும் அது ஓடித்தான் ஆக வேண்டும். வழிந்த தண்ணீர் வீணாகவில்லை. தெருவைக் கழுவியது, சாக்கடையைத் தள்ளிக்கொண்டு போனது. குளியல்மாடங்களுக்குப் போனது பெரும் பங்கு.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாமலா இவ்வளவு செய்தார்கள்? இல்லை. நகரம் தோன்றி நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ரோமானியர்கள் டைபர் ஆற்றையும் கிணறுகளையும் ஊற்றுகளையும் நம்பித்தான் வாழ்ந்தார்கள். கூட்டம் பெருகியது ஒரு காரணம். ஆனால் வாய்க்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்குப் பெரிய காரணம் குளியலும் நீரூற்றுகளும் தோட்டங்களும் தந்த வாழ்க்கை. கி.மு. 19ல் பேரரசர் அகஸ்டஸின் வலக்கரமாக இருந்த அக்ரிப்பா கொண்டுவந்த 'ஆக்வா விர்கோ' அவர் கட்டிய குளியல்மாடத்துக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தது. தாகத்துக்காகக் கட்டியது என்ற எண்ணத்தோடு பார்த்தால் ரோமானியர்களின் மனம் பிடிபடாது.

## ஈயம் ரோமை அழித்ததா?

குழாய்கள் ஈயம்தான். ஈயம் நஞ்சு என்பதும் உண்மை. ரோமானியர்களுக்கே அது தெரியும். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைச் சுட்டிக்காட்டி, மண்குழாயே நல்லது என்று எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு விஷயங்கள் ஈயத்தின் வேகத்தைக் குறைத்தன. முதலாவது, மலையூற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது குழாயின் உட்புறத்தில் கெட்டியாகப் படிந்து ஈயத்தை மூடிவிடும். வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் உப்பு படிகிறதே, அதே படிவு. இரண்டாவது, தண்ணீர் குழாயில் தேங்கி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

2014ல் ரோமின் பழைய துறைமுக வண்டலை ஆராய்ந்தவர்கள், நகரத்துத் தண்ணீரில் ஊற்று நீரைவிட நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பெரிய தீங்கு செய்யும் அளவு அது இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். ஈயம் சிலரின் உடல்நலத்தைக் கெடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஈயப் பாத்திரத்தில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் குடித்த பழக்கமும் இருந்தது. ஆனால் பல நூற்றாண்டுகளாக இதே குழாய்களோடு வளர்ந்த பேரரசு, அதே குழாய்களால் விழுந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

## காவலும் களவும்

கட்டியது பாதி வேலைதான். கி.பி. 97ல் ஃபிரான்டினஸ் ரோமின் தண்ணீர்த் துறைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். பிரிட்டனுக்கு ஆளுநராக இருந்து வந்த பெரிய மனிதர். பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு வாய்க்காலையும் நேரில் பார்த்து அளவுகளை எழுதியது. நமக்கு இன்று தெரிந்த கணக்குகளில் பெரும்பகுதி அவர் புண்ணியம். எகிப்தின் சும்மா நிற்கும் பிரமிடுகளோடு இந்தப் பயனுள்ள வாய்க்கால்களை ஒப்பிட முடியுமா என்று அவர் பெருமையோடு கேட்டிருக்கிறார்.

அவருக்குக் கீழே 700 பேர் வேலை பார்த்தார்கள். எல்லாரும் அடிமைகள். அரசுக்குச் சொந்தமாக 240 பேர், பேரரசருக்குச் சொந்தமாக 460 பேர். வேர் இறங்கினால் சுவர் வெடிக்கும் என்பதால் வாய்க்காலின் இரண்டு பக்கமும் மரம் வைக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. சுண்ணாம்புப் படிவைச் சுரண்ட வேண்டும், கசிவை அடைக்க வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு வாய்க்காலைத்தான் நிறுத்தலாம்.

அப்புறம் திருட்டு. வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் வாய்க்காலில் ஓட்டை போட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். ஊருக்குள்ளே தண்ணீர்ப் பணியாளர்களே தெருவுக்கு அடியில் குழாயைத் துளைத்து விற்றார்கள். உரிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது தொட்டியில் புதுத் துளை போடுவார்கள், பழைய துளையை அடைக்க மாட்டார்கள். அதில் வருவது அவர்கள் வியாபாரத்துக்கு. இதைத் தடுக்கத்தான் இணைப்பின் தொடக்கத்தில் முத்திரை குத்திய வெண்கல வாய் பொருத்த வேண்டும் என்று விதி. ஈயத்தை அடித்து விரித்துத் துவாரத்தைப் பெரிதாக்கிவிடலாம், வெண்கலத்தில் அந்த வேலை நடக்காது.

ஊருக்குள் நடந்ததைச் சுருக்கமாக: வண்டல் தொட்டி, பகிர்வுத் தொட்டி, தெருத்தொட்டி என்று தண்ணீர் வந்தது. நிற்காமல் ஓடியது. அதை ஓட வைத்தது அடிமைகளின் உழைப்பு.

## வாய்க்கால் அறுந்தபோது

ஓர் இடத்தில் உடைத்தால் கீழே உள்ள அத்தனைக்கும் தண்ணீர் நின்றுவிடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். கி.பி. 537ல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் அதைத்தான் செய்தார்கள். நகரத்தைக் காத்துக்கொண்டிருந்தவர் கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸ். மக்கள் தாகத்தால் சாகவில்லை, கிணறுகள் இருந்தன. ஆனால் குளியல்மாடங்கள் நின்றுபோயின. வாய்க்கால் தண்ணீரால் சுழன்ற மாவரைக்கும் ஆலைகளும் நின்றன. பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளை இணைத்துக் கட்டி, நடுவே சக்கரங்களை மாட்டி, ஆற்றோட்டத்தில் மாவரைத்தார்.

வறண்ட வாய்க்கால் என்றால் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சுரங்கப்பாதை. இதை பெலிசாரியஸ் நன்றாக அறிந்திருந்தார். முந்தைய ஆண்டு நேப்பிள்ஸை அவர் பிடித்ததே அப்படித்தான். அங்கே வாய்க்காலை உடைத்தது அவருடைய படை. உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் ஒரு வீரன் இறங்கி நடந்தான். சுவருக்கு அருகே பாறையில் குறுகலான ஒரு வழி கண்ணில் பட்டது. சத்தம் கேட்காமல் அதைச் சுரண்டி அகலமாக்கி, ஓர் இரவில் சுமார் 400 பேர் அதன் வழியாக நகருக்குள் போனார்கள். எனவே ரோமில் வாய்க்கால்கள் அறுந்ததும் அவற்றைக் கல் வைத்து அடைத்துவிட்டார் பெலிசாரியஸ். கோத்துகளும் ஒருநாள் தீப்பந்தத்தோடு ஒரு வாய்க்காலுக்குள் வந்து பார்த்தார்கள். மேலே ஒரு விரிசல் வழியாக வெளிச்சத்தைக் கண்ட காவலாளி சொன்னபோது, ஓநாயின் கண்ணாக இருக்கும் என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்களாம். அடைத்த சுவர் வரை வந்தவர்கள் அதிலிருந்து ஒரு கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு திரும்பினார்கள், தங்கள் அரசனிடம் காட்டுவதற்கு.

அதன் பிறகு பராமரிக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. மிஞ்சிய மக்கள் குன்றுகளை விட்டுவிட்டு டைபர் ஆற்றங்கரைக்கு நகர்ந்தார்கள். வாய்க்கால்களில் ஆக்வா விர்கோ மட்டும் இடைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அதில் 19 கிலோமீட்டர் நிலத்துக்குள். 1453ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதைச் செப்பனிட்டார். ரோமின் திரேவி நீரூற்றுக்கு இன்றும் வருவது அந்த வாய்க்கால் தண்ணீர்தான்.